சிறு சக்கரமும் சுருள்வில்லும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரியதோர் ஊர்தியின் ஓட்டம் கண்ணுக்குப் புலப்படாத சிறு உறுப்பு ஒன்றை நம்பி நிற்கிறது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. தேருக்கு அச்சாணி எவ்வாறோ, அவ்வாறே ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்தின் மேல் அமைந்த அதிர்வு தாங்கி. பட்டறைகளில் இதனை 'ஷாக் அப்சார்பர்' என்றும், சுருக்கமாக 'ஷாக்' என்றும் வழங்குவர். ஒரு முழத்துக்கும் குறைந்த நீளமுடைய இவ்வுறுப்பு, ஏறியமர்ந்தவர்களின் பாரத்தையும் சாலையின் மேடுபள்ளங்களையும் இடைநின்று ஏற்கிறது.

பழைய ஸ்கூட்டர் ஒன்றுக்குப் புதிய அதிர்வு தாங்கியைத் தேர்ந்தெடுத்துப் பூட்டுவது பட்டறைக்காரரின் வேலையன்றோ, இதில் வரலாற்றுக்கு இடம் ஏது என்று மாணவர்கள் வினவலாம். இடம் உண்டு என்பதே என் கருத்து. ஓர் உறுப்பு எந்த நாட்டில், எவ்வகைச் சாலைக்காக, எவ்வளவு பாரத்தைக் கருதி அமைக்கப்பெற்றது என்பதை அறியாமல் அதற்கு மாற்று உறுப்புத் தேடுபவன், பொருள் அறியாது ஏட்டைப் படியெடுப்பவனை ஒப்பான். அந்தப் பொருளை முதலில் காண்போம்.

வில்லின் இயல்பை முதன்முதல் கணக்கிட்டு உரைத்தவர் இராபர்ட்டு ஹூக் என்னும் ஆங்கில அறிஞர். 1676-ஆம் ஆண்டில் அவர் தம் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். 1678-இல் அப்புதிரை அவரே விடுவித்தார். இழுக்கும் விசை எவ்வளவோ, நீட்சியும் அவ்வளவு என்பதே அதன் கருத்து. 50 கிலோ பாரத்துக்கு 2 சென்டிமீட்டர் அமுங்கும் வில், 100 கிலோவுக்கு 4 சென்டிமீட்டர் அமுங்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்து பார்க்கும் இச்சோதனையின் மீதுதான் உலகின் வண்டிகள் யாவும் ஊர்ந்து செல்கின்றன.

ஆனால் வில்லுக்கு ஒரு குறை உண்டு. அது தான் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். அமுங்கிய வில் துள்ளி எழும். எழுந்தது மீண்டும் அமுங்கும். குதிரை வண்டியின் மெதுவான ஓட்டத்தில் இது பெருந்தொல்லை ஆகவில்லை. அடுக்குப் பட்டைகளாலான வில்லில், பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து துள்ளலை ஒருவாறு அடக்கின. மோட்டார் வண்டி தோன்றி வேகம் மிகுந்தபோது இவ்வுராய்வு போதவில்லை. துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. தரையை விட்ட சக்கரத்துக்குத் திருப்பவும் நிறுத்தவும் ஆற்றல் இல்லை. எனவே, தாங்குவதற்கு ஒரு பொருளும், தாங்கியதைத் தணிப்பதற்கு மற்றொரு பொருளும் வேண்டியதாயிற்று.

இந்தத் தணிப்பானைத் தேடியவர்களுள் பிரெஞ்சு நாட்டினர் முன்னின்றனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் துருஃபோ என்பவர் வட்டத் தகடுகளை இறுக்கி உராயச் செய்து துள்ளலை அடக்கினார். ஊதாய் என்பவர் எண்ணெயைத் துணைக்கொண்டார். மூடிய கலத்தில் உள்ள எண்ணெயைச் சிறு துளையின் வழியே புகச் செய்தால், அது எளிதில் இடம் கொடாது. மெல்ல மெல்லவே நகரும். மெதுவாகத் தள்ளினால் சிறிது எதிர்க்கும். விரைந்து தள்ளினால் வலிந்து எதிர்க்கும். வில்லின் துள்ளல் அவ்வெதிர்ப்பில் வெப்பமாக மாறி ஒழிந்துபோகிறது. நீண்ட மேட்டுச் சாலையில் ஓடி வந்த வண்டியின் அதிர்வு தாங்கியைத் தொட்டால் சுடுவதன் காரணம் இதுவே. பின்னர் இந்த எண்ணெய்க் கலம் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் இயங்கும் வடிவம் பெற்றது. அதைச் சுற்றியோ அதனருகிலோ சுருள்வில் இடம்பெற்றது.

இனி இத்தாலி நாட்டுக்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்நாட்டின் பாலங்கள் பல உடைந்து கிடந்தன. சாலைகள் குண்டுகளால் குழிபட்டிருந்தன. மக்கள் தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் சென்று வர மலிவான ஊர்தி ஒன்றைத் தேடினர். பொந்ததேரா என்னும் ஊரில் விமானங்கள் செய்துவந்த பியாஜியோ தொழிற்சாலை போரில் சிதைந்தது. அதன் தலைவர் என்ரிகோ பியாஜியோ, கொரதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளரிடம் புதிய ஊர்தி ஒன்றை அமைக்குமாறு பணித்தார். 1930-ஆம் ஆண்டிலேயே ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்கச் செய்து புகழ் பெற்றவர் தஸ்கானியோ. மோட்டார் சைக்கிளின் மேல் அவருக்கு விருப்பம் இல்லை. அதன் சங்கிலி ஆடையை அழுக்காக்கும், அதன் சக்கரத்தைக் கழற்றி மாட்டுதல் தொல்லை என்பது அவர் குறை.

ஆகவே அவர் சங்கிலியை நீக்கினார். பொறியைப் பின்சக்கரத்தோடு ஒன்றாகச் சேர்த்தார். முன்சக்கரத்தை, விமானம் தரையிறங்கும் சக்கரத்தைப் போல ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் தாங்குமாறு அமைத்தார். 1946 ஏப்ரல் 23-ஆம் நாள் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரப்பட்டது. குளவி என்று பொருள்படும் 'வெஸ்பா' என்னும் பெயருடன் அது உலகுக்கு அறிமுகமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெஸ்பாவின் சக்கரம் 8 அங்குல வளையம் உடையது. சாலையில் ஒரு சாண் அகலப் பள்ளம் இருந்தால், மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரம் அதன் வாயைத் தொட்டுக்கொண்டு கடந்துவிடும். ஸ்கூட்டரின் சிறு சக்கரமோ உள்ளே இறங்கி எழும். எனவே சிறு சக்கரத்துக்கு நல்ல வில்லும் நல்ல தணிப்பும் பெரிய சக்கரத்தினும் மிகுதியாக வேண்டும். அவ்வாறிருந்தும் 1946-இல் வந்த முதல் வெஸ்பாவின் பின்புறத்தில் சுருள்வில் இல்லை. இருக்கையின் அடியில் இருந்த வில்லே ஓட்டுபவரைக் காத்தது. 1948-இல் வந்த 125 சி.சி. வெஸ்பாவில்தான் பின்சக்கரத்துக்கு வில் அமைப்பு இடம்பெற்றது. எண்ணெய்த் தணிப்பானும் பின்னர் வந்து சேர்ந்தது.

மிலான் நகரின் லம்பிராத்தே பகுதியில் எஃகுக் குழாய்கள் செய்துவந்த பெர்தினாந்தோ இன்னோசெந்தி 1947-இல் லம்பிரெட்டாவை வெளியிட்டார். அவருடைய முதல் ஸ்கூட்டரிலும் பின்சக்கரத்துக்கு வில் இல்லை. 1951-இல் வந்த மாதிரிகள் முறுக்குத் தண்டு ஒன்றைப் பெற்றன. எஃகுத் தண்டை முறுக்கும்போது அது திரும்பி நிமிர முயலும் ஆற்றலே அங்கு வில்லாகப் பயன்பட்டது. 1958-இல் தொடங்கிய 'லி' வரிசையில் சுருள்வில்லோடு கூடிய அதிர்வு தாங்கி அமைந்தது. வழி வேறாயினும் இரு தொழிற்சாலையாரும் ஒரே முடிவை வந்தடைந்தனர். இரண்டிலும் பொறியே பின்சக்கரத்தைத் தாங்கும் கையாக இயங்குகிறது. அக்கையின் முன்முனை, ரப்பர் புஷ் பொருந்திய அச்சு போல்ட்டில் ஊசலாடுகிறது. பின்முனையை உடற்கூட்டோடு இணைப்பது ஒற்றை அதிர்வு தாங்கியே.

இவ்வமைப்பு நம் நாட்டுக்கு வந்த வரலாறும் சுவையானது. பம்பாயில் 1950-களில் லம்பிரெட்டா ஸ்கூட்டர்கள் ஒருங்கிணைக்கப்பட்டன. பஜாஜ் குழுமத்தார் 1948 முதல் வெளிநாட்டு ஊர்திகளை வரவழைத்து விற்றனர்; 1959-இல் அரசின் உரிமம் பெற்று, புனேயை அடுத்த ஆகுர்தியில் வெஸ்பா 150 ஸ்கூட்டரைச் செய்யலாயினர். பியாஜியோவுடன் இருந்த ஒப்பந்தம் 1971-இல் முடிவுற்றது. மறு ஆண்டு வெளிவந்த ஸ்கூட்டருக்கு, இராணா பிரதாபனின் குதிரையான 'சேத்தக்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதே 1972-இல் நடுவணரசின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது; இன்னோசெந்தியின் இயந்திரங்கள் லக்னோ நகருக்கு வந்தன; 'விஜய் சூப்பர்' அங்கே பிறந்தது. இத்தாலியில் லம்பிரெட்டா நின்ற பின்னரும் நம் நாட்டில் அதன் வழித்தோன்றல் ஓடியது.

இவ்வூர்திகள் இருவர் அமர்ந்து செல்வதற்கென வகுக்கப்பட்டவை. நம் நாட்டிலோ குடும்பமே அதில் ஏறியது. முன்னே நிற்கும் சிறுவன், ஓட்டும் தந்தை, பின்னே ஒருபுறமாக அமர்ந்த தாய், அவள் மடியில் கைக்குழந்தை, காலடியில் காய்கறிப் பை என்னும் காட்சியை 1970-களிலும் 1980-களிலும் காணாத தெரு இல்லை. அவ்வளவு பாரமும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல், ஆகவே அந்த ஒற்றைச் சுருள்வில்லின் மேல் இறங்கியது. ஆதலின் ஹூக் சொன்ன விதி இங்கே ஏட்டுச் சுரைக்காய் அன்று. அது ஒரு தாயின் பாதுகாப்பையும் குழந்தையின் பாதுகாப்பையும் பற்றிய விதி.

இன்று அந்த ஸ்கூட்டர்கள் பழம்பொருள்கள் ஆகிவிட்டன. 2009-இல் பஜாஜ் நிறுவனம் ஸ்கூட்டர் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. 2020-இல் சேத்தக் என்னும் பெயர் மின்சார ஸ்கூட்டர் ஒன்றுக்கு மீண்டும் வந்தது. ஆயினும் பாட்டனாரின் ஸ்கூட்டரைத் துடைத்துத் துலக்கி ஓட்டும் இளைஞர்கள் இன்று பலர். அவர்கள் முதலில் சந்திக்கும் குறை பின்பக்க அதிர்வு தாங்கியின் முதுமையே.

முதுமையின் அடையாளங்கள் சில. இருக்கையைக் கையால் வலிந்து அமுக்கி விடுங்கள். உடற்கூடு ஒருமுறை எழுந்து அமைதியுற்றால் தணிப்பான் உயிரோடு இருக்கிறது; இரண்டு மூன்று முறை ஊஞ்சல்போல் ஆடினால் அதன் எண்ணெய் போயிற்று, அல்லது உள்ளுறுப்புத் தேய்ந்தது என்று கொள்ளலாம். குழாயின் மேல் எண்ணெய்க் கசிவும் அதில் படிந்த தூசியும் மற்றோர் அடையாளம். டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியது என்பதற்கு அது சான்று. ஸ்கூட்டரின் பின்புறம் தாழ்ந்து, முகவிளக்கின் ஒளி மரக்கிளையை நோக்கிச் செல்லுமாயின் சுருள்வில் தளர்ந்தது என்க. சில வேளைகளில் குறை அதிர்வு தாங்கியில் இராது. அதன் இருமுனையிலும் உள்ள ரப்பர் வெடித்து, பள்ளந்தோறும் 'டக்' என்ற ஓசை எழும். டயரில் காற்றுக் குறைந்தாலும் வண்டி அலையும். நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மருந்து தேட வேண்டும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறை. முதலில் நோக்க வேண்டுவது நீளம். மேல் இணைப்புக்கும் கீழ் இணைப்புக்கும் இடையே உள்ள தொலைவு பழைய உறுப்பில் எவ்வளவோ, புதியதிலும் அவ்வளவே இருத்தல் நலம். வெஸ்பா குடும்பத்திலேயே மாதிரிக்கு மாதிரி இந்நீளமும் இணைப்பும் மாறுபடும். பெயரை மட்டும் சொல்லி வாங்குதல் கூடாது, அளந்து வாங்க வேண்டும். இரண்டாவது, சுருள்வில்லின் வலிமை. ஒருவர் மட்டும் ஓட்டும் ஸ்கூட்டருக்கு மிக வலிய வில்லைப் பூட்டினால் அது சிறு கற்களுக்கு இணங்காது. சக்கரம் தத்தித் தத்தி ஓடும். இருவர் நாள்தோறும் செல்லும் ஸ்கூட்டருக்கு மெலிந்த வில்லைப் பூட்டினால் பள்ளத்தில் இரும்பும் இரும்பும் மோதும். வழக்கமான பாரம் ஏறியவுடன் வில், தான் இயங்கக்கூடிய தொலைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கி நிற்பது நல்ல அளவு எனக் கொள்வர்.

சில புதிய அதிர்வு தாங்கிகளில் வில்லின் அடியில் திருகக்கூடிய வளையம் இருக்கும். அதனைத் திருகினால் வில் வலிமை பெறும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. வளையம் வில்லை முன்னரே சிறிது அமுக்கி, வண்டியின் நிற்கும் உயரத்தை மாற்றுகிறது. வில்லின் இயல்பு மாறுவதில்லை. மெலிந்த வில்லை வளையத்தால் வலிய வில்லாக்க இயலாது.

மூன்றாவது, தணிப்பின் அளவு. கல்லின் மேல் ஏறும்போது சக்கரம் விரைந்து எழ வேண்டும்; ஆகவே அமுங்கும் திசையில் எதிர்ப்புக் குறைவாக இருக்கும். திரும்பும்போது வில்லின் துள்ளலை அடக்க வேண்டும். ஆகவே நீளும் திசையில் எதிர்ப்பு மிகுந்திருக்கும். நல்ல தணிப்பானைக் கையால் அமுக்கி இழுத்தால் இவ்வேறுபாட்டை உணரலாம். எண்ணெயோடு காற்றுக் குமிழ்கள் கலந்தால் எதிர்ப்புக் கெடும். இதைத் தடுக்க எண்ணெயை உயர் அழுத்த வாயுவால் நெருக்கி வைக்கும் முறையை 1950-களில் த கார்போன் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வளர்த்தார். வாயு நிறைந்த வகை மேடுபள்ளம் மிக்க நெடும்பயணத்துக்கு ஏற்றது. நகரத்தில் மெதுவாக ஓடும் ஸ்கூட்டருக்கு எண்ணெய் வகையே போதுமானது. விலை மிக்கது எதுவோ அதுவே சிறந்தது என்னும் விதி இங்கே இல்லை.

கல்லூரி மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் ஸ்கூட்டருக்குப் பூட்டிய புதிய உறுப்பை நான் கண்டிருக்கிறேன். சிவப்பு வில்லும் வெள்ளிபோல் மின்னும் குழாயும் கொண்டு அது அழகாகவே இருந்தது. ஆனால் பழையதைக் காட்டிலும் இரண்டு விரற்கடை நீளம். அதனால் பின்புறம் உயர்ந்தது. முகவிளக்கு தரையை நோக்கிக் குனிந்தது. நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையைத் தொட்டு, வண்டி உறுதியாக நிற்க மறுத்தது. எல்லாவற்றினும் தீயது, கைப்பிடியின் நிலையின்மை. பின்புறம் உயர்ந்தால் முன்தண்டு செங்குத்தாகும். செங்குத்தான முன்தண்டு உடைய வண்டி சிறு அசைவுக்கும் திரும்பும். சரியான நீளமுடைய எளிய உறுப்பொன்றை மாற்றிப் பூட்டியவுடன் அந்த ஸ்கூட்டர் பழையபடி அடக்கமாக ஓடியது. கண்ணுக்கு இனியதைத் தேர்தல் வேறு; வண்டிக்கு இனியதைத் தேர்தல் வேறு.

பூட்டும் முறையை வெஸ்பா வகையை வைத்துச் சொல்லுகிறேன். சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, உடற்கூட்டின் அடியிலும் பின்சக்கரத்தின் அடியிலும் மரக்கட்டைகளை வைத்துத் தாங்குக. அதிர்வு தாங்கியைக் கழற்றியவுடன் பொறி முழுவதும் முன்முனை போல்ட்டில் தொங்கிக் கீழே இறங்கும். கட்டை இல்லையேல் கம்பி வடங்கள் இழுபட்டு அறும். மேல் நட்டு பெட்ரோல் தொட்டியின் அடியில் மறைந்திருக்கும். தொட்டியை எடுக்கும்போது அருகில் நெருப்பு இருத்தல் ஆகாது. மேல் நட்டையும் கீழ் போல்ட்டையும் நீக்கிப் பழைய உறுப்பை எடுங்கள். வில்லை அமுக்கிப் பிடிக்கும் தக்க கருவியின்றி அதனைப் பிரிக்க முயலாதீர்கள். அமுங்கிய வில் விடுபட்டால் எலும்பை முறிக்க வல்லது. வாயு நிறைந்த குழாயை அறுத்தலும் சூடாக்கலும் பேராபத்து.

புதியது எண்ணெய் வகையாயின், பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை அமுக்கி இழுங்கள். பெட்டியில் படுத்துக் கிடந்தபோது எண்ணெயில் புகுந்த காற்று மேலேறிவிடும். மேல் முனையின் ரப்பர்க் கட்டையும் கீழ் முனையின் புஷ்ஷும் புதியனவாக இருத்தல் வேண்டும். புதிய உறுப்பைப் பழைய ரப்பரில் பூட்டுதல் புதிய கதவைச் செல்லரித்த நிலையில் மாட்டுவது போலாகும். நட்டுகளை முதலில் தளர்வாகவே மாட்டுக. பின்னர் கட்டைகளை நீக்கி, ஸ்கூட்டரைச் சக்கரங்களின் மேல் நிற்கச் செய்து, அதன் இயல்பான உயரத்தில் கீழ் போல்ட்டை முழுதும் இறுக்குக. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுகிக்கொண்டே இருக்கும், விரைவில் கிழியும். இறுதியாக டயர், உடற்கூடு, வடங்கள் ஆகியவற்றை வில் எங்கும் உரசவில்லை என்பதை இருவரை ஏற்றிப் பாருங்கள். சில நாள் ஓடிய பின்னர் நட்டுகளை மீண்டும் சோதியுங்கள்.

பழமையைப் போற்றுவோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழைய ஸ்கூட்டரில் புதிய உறுப்பைச் சேர்த்தால் அதன் தொன்மை கெடாதா? இக்கேள்வி கோயில் திருப்பணிக்கும் பொருந்தும். ஏட்டுச் சுவடிக்கும் பொருந்தும். வண்ணம், உடற்கூடு, பெயர்ப்பலகை ஆகியவற்றில் பழமையைக் காத்தல் தகும். ஆனால் உயிரைத் தாங்கும் உறுப்பில் பழமைக்கு உண்மையாக இருப்பது, தேய்ந்த இரும்பை விடாமல் பற்றியிருப்பது ஆகாது. குழிபட்ட சாலையில் சிறு சக்கரம் தரையை விடாமல் ஓட வேண்டும் என்பதே அந்நாளைய பொறியாளர்களின் நோக்கம். அந்நோக்கத்தை நிறைவேற்றும் புதிய உறுப்பு, நிறைவேற்ற இயலாத பழைய உறுப்பைக் காட்டிலும் அவர்களுக்கு நெருங்கியது. கழற்றிய உறுப்பை எறிய வேண்டுவதில்லை. அதன் நீளத்தையும் கழற்றிய நாளையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்து வருபவர் அளந்து பார்க்க ஆதாரம் வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகள் ஸ்கூட்டர் பழுது பார்த்த முதியவர்கள் இன்னும் சிலர் உளர். எந்த வில் எந்தப் பாரத்துக்கு என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிவார்கள். அவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. மாணவர்கள் அவர்களை அணுகிக் கேட்டு, அளந்து, எழுதி வைப்பார்களாயின், அதுவும் வரலாற்றுப் பணியே ஆகும்.